பெட்டி கட்டக் கயிறு

பந்தல்குடி
ஜூலை 13

அன்புள்ள முனீஸ்வரிக்கு,

முதலில், இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கும் விடுதி வார்டன் அவர்களுக்கு என் வணக்கம்.

இனி விஷயம். நாங்கள் தூத்துக்குடிக்கு வருகிறோம். நான், சரஸ்வதி, முத்துலட்சுமி மூன்று பேரும். ஆகஸ்ட் பதினைந்து வெள்ளிக்கிழமை வருகிறது. மறுநாள் கிருஷ்ண ஜெயந்தி விடுமுறை, அடுத்தது ஞாயிறு. சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் உன் ஊரில் இருப்போம். (உன் ஊர் என்று எழுதிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.) சரஸ்வதியின் அத்தை வீடு அங்கே இருக்கிறது. இரவு அங்கே தங்கல். துணைக்குச் சரஸ்வதியின் அம்மா வருகிறார்கள். உனக்கும் விடுதியில் பாஸ் கிடைத்துவிட்டால், பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்த நாலு பேரும் பழையபடி ஒன்றாக இருக்கலாம்.

என்னால் இப்போதே உட்கார முடியவில்லை. எங்கள் கடை எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். தூத்துக்குடிக்குப் போகிற லாரி எல்லாம் எங்கள் வாசலில் நின்றுதான் கயிறும் தார்ப்பாயும் வாங்குகிறது. அங்கிருந்து உப்பு ஏற்றி வருகிற லாரிகள் வழி நெடுகச் சொட்டிக்கொண்டே வரும். அவை நின்று போன இடத்தில் தார்ச்சாலை காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்திருக்கும். சின்ன வயதில் அதைத் தொட்டு நக்கியதற்காக அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். கடலைப் பற்றி எங்கள் பள்ளி நூலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் படித்தாகிவிட்டது. பார்த்ததுதான் இல்லை.

துறைமுகக் கடற்கரை, முயல் தீவு, உப்பளம், பனிமய மாதா கோயில் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாகக் குறித்துவைத்திருக்கிறேன். எதை முதலில் பார்ப்பது என்று நீதான் சொல்ல வேண்டும். மக்ரூன் எந்தக் கடையில் நன்றாக இருக்கும்?

உன்
பிரவீணா


தூத்துக்குடி
ஜூலை 18

பிரவீணா,

வார்டன் உனக்குப் பதில் வணக்கம் சொல்லச் சொன்னார். சாப்பாட்டு வரிசையில் எல்லோர் முன்னாலும் சொன்னார். இனிமேல் அப்படி எழுதாதே.

மக்ரூன் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஜூன் மாதம் பெட்டியோடு இறங்கியது. அன்றைக்கு ஆட்டோவில் பார்த்ததுதான் இந்த ஊர். கடலா, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே உள்ளங்கை அகலம் தெரிகிறது. அதையும் சில நாள் வானம் என்று நினைத்துவிடுவேன்.

மார்க்கைப் பார்த்து ஒரு டிரஸ்ட்காரர்கள் இடம் கொடுத்தார்கள், வந்துவிட்டேன். இயற்பியல் எல்லாம் இங்கிலீஷில் நடத்துகிறார்கள். முதல் நாள் ராத்திரி குழாயில் தண்ணீர் வந்ததும் நம் வீட்டில் செய்வதுபோல இருக்கிற வாளியெல்லாம் பிடித்து வரிசையாக வைத்தேன். காலையில் எழுந்த பிள்ளைகள் சிரித்தார்கள். "இங்க குழா நிக்காது, எதுக்குப் பிடிச்ச?" என்றாள் ஒருத்தி. அன்றிலிருந்து என் பெயர் வாளி.

என் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. அலமாரியில் எனக்கென்று ஒரு தட்டு இருக்கிறது. அதில் புத்தகம் மட்டும்தான். துணி எல்லாம் பெட்டிக்குள்ளேயே. காலாண்டு லீவுக்கு வரும்போது பெட்டியோடு வந்துவிடலாம் என்றிருக்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. பழைய பள்ளிக்கூடத்தில் கெஞ்சினால் சேர்த்துக்கொள்வார்கள். பெட்டியின் கொக்கி உடைந்துபோயிற்று. உன் அப்பா கடையில் நல்ல கயிறாக ஒன்று எடுத்துவை, கட்டிக்கொண்டு வர வேண்டும்.

நீங்கள் வருவதானால் வாருங்கள்.

முனீஸ்வரி

(நாங்கள் எழுதுகிற கடிதத்தை யாரும் பிரிப்பதில்லை. வருவதைத்தான் பிரிக்கிறார்கள்.)


பந்தல்குடி
ஜூலை 24

அன்புள்ள முனீஸ்,

அப்பா சரி சொல்லிவிட்டார். இரண்டு நாளாகச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடையில் தார்ப்பாய் மடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"ரெண்டு நாள் அங்க என்னத்தப் பாக்கப் போறீக?" என்றார்.

"கடலைப்பா."

"அத ஒரு எட்டுல பாத்துட்டு வந்துரலாமே."

அம்மா உள்ளேயிருந்து, "அவுக அவுக பிள்ளைகளச் சிங்கப்பூருக்கே அனுப்புறாக, இவுக தூத்துக்குடிக்கு யோசிக்காக" என்று சொன்னாள். அப்பா தார்ப்பாயின் அந்த முனையை என் கையில் கொடுத்து, "நல்லா இழுத்துப் பிடி. போயிட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

புதிய யோசனை ஒன்று. நால்வரும் கையைக் கோத்துக்கொண்டு நடந்து, ஒரே நேரத்தில் கடலில் காலை நனைக்க வேண்டும். யாரும் முந்தக் கூடாது. முத்துலட்சுமி போன வருஷம் திருச்செந்தூரில் நனைத்துவிட்டாளாம். அவளுக்கு மட்டும் இது இரண்டாம் தடவை, ஆனாலும் புதிது மாதிரி வருவதாகச் சத்தியம் செய்திருக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் கடற்கரை, ஞாயிறு காலை கோயிலும் உப்பளமும், மதியம் சாப்பாடு. முயல் தீவுக்கு நேரம் இருக்குமா என்பதுதான் சந்தேகம்.

பாஸுக்கு எழுதிக் கொடுத்தாயா? மறந்துவிடாதே. பெட்டி விஷயத்தில் அவசரப்படாதே, போகப்போகச் சரியாகிவிடும்.

உன்
பிரவீணா


தூத்துக்குடி
ஜூலை 30

பிரவீணா,

முயல் தீவுக்கு ஒரு முழு வாக்கியம். என் பெட்டிக்கும் ஒரு வாக்கியம். பரவாயில்லை.

பாஸ் கிடைத்துவிட்டது. வார்டனிடம் போய் நின்றேன். "யாரு வாராங்க?" என்றார். "கூடப் படிச்ச பிள்ளைக" என்றேன். "வணக்கம் போட்ட பிள்ளையா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆகவே உன் வணக்கத்தால் ஒரு பிரயோஜனம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். சனிக்கிழமை மதியத்திலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரை.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படி. ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் பேசினாள். பந்தல்குடிக்குச் சாமான் வாங்க வந்தபோது கேட்டாளாம், உங்கள் தெரு அம்மனுக்குக் கொட்டடித்துப் பொங்கல் சாட்டப்போகிறார்கள் என்று. போன இரண்டு செவ்வாயும் கூடிப் பேசிவிட்டு, முதலில் மழை பெய்யட்டும் என்று தள்ளிவைத்திருக்கிறார்கள். ஆடி முடிவதற்குள் ஏதாவது ஒரு செவ்வாய் சாட்டிவிடுவார்கள். சாட்டுகிற அன்றைக்கு ஊருக்குள் இருந்தால் நீ மாட்டிக்கொண்டாய். பொங்கல் முடிகிறவரை வேறு ஊரில் ராத்தங்க முடியாது. உன் அம்மா அதில் எப்படி என்று உனக்கே தெரியும். வெளியூரில் இருந்தால் உன்னைக் கட்டாது.

அதனால் திங்கட்கிழமைகளில் பள்ளி விட்டதும் சரஸ்வதி வீட்டுக்குப் போய்விடு. படிக்கிறோம் என்று சொல்லி செவ்வாய் இரவும் அருப்புக்கோட்டையிலேயே இரு. புதன்கிழமை வீட்டுக்குப் போ. உன் தாளில் இதை முதலில் எழுது.

முனீஸ்வரி


பந்தல்குடி
ஆகஸ்ட் 6

அன்புள்ள முனீஸ்,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முகம் சுட்டுவிட்டது. நீ எழுதியதற்குப் பதில் எழுதாமல் என் பயணத்தையே எழுதியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், பெட்டியோடு வந்துவிடுவேன் என்று நீ எழுதியபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. என் பக்கத்து இடத்தில் யாரையும் உட்காரவிடாமல் இன்னும் பையை வைத்திருக்கிறேன். ஆனால் அப்படிச் சந்தோஷப்படுவது நியாயமா என்று தெரியவில்லை. நம் நாலு பேரில் அந்த இடம் உனக்குத்தான் கிடைத்தது. அதனால்தான் போகப்போகச் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் மாதிரி ஒன்றை எழுதி ஒதுங்கிக்கொண்டேன்.

வாளி என்று கூப்பிட்டால் நீ பேசாமல் இருக்கிறாயா? நீயா?

நேற்று செவ்வாய். சொன்னபடி சரஸ்வதி வீட்டில் இருந்தேன். சாட்டவில்லை. வரும் திங்களும் போய்விடுவேன். அது ஆடியின் கடைசிச் செவ்வாய். அது கழிந்தால் சனிக்கிழமை நான் உன் முன்னால் நிற்பேன். மற்றதை நேரில் பேசுவோம். தாளில் முயல் தீவை அடித்துவிட்டேன். அந்த நேரத்தில் எங்கேயாவது உட்கார்ந்து நீ பேசு, நான் கேட்கிறேன்.

உன்
பிரவீணா


பந்தல்குடி
ஆகஸ்ட் 13

அன்புள்ள முனீஸ்,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

திங்கட்கிழமை சரஸ்வதி வீட்டுக்குப் போய்விட்டேன். செவ்வாய்க்கிழமை பள்ளி விடும்போது தெற்கே வானம் கறுத்திருந்தது. அப்பா லோடு எடுக்க மதுரைக்குப் போயிருந்தார். கடையில் அம்மா மட்டும். நார்க்கயிற்றுக் கட்டெல்லாம் வாசலில்தான் தொங்கும். நனைந்தால் கறுத்துவிடும், பிறகு யாரும் தொடமாட்டார்கள். அம்மாவால் தனியாகத் தூக்க முடியாது. ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று பஸ் ஏறினேன்.

நான் இறங்கும்போதே துளி விழுந்தது. அம்மா என்னைப் பார்த்ததும், "நீ ஏன்டி வந்த? இன்னைக்குச் செவ்வாக்கிழமை" என்றாள்.

"ஏழு மணி பஸ்ஸுக்குப் போயிருவேம்மா. இந்தப் பக்கம் பிடிங்க" என்றேன்.

கட்டுகளை உள்ளே போட்டு முடித்தோம். நல்ல மழை. இந்த வருஷத்தின் முதல் மழை. மண் வாசனை கடைக்குள் வந்தது. நான் முட்டாள்தனமாக வாசலில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தேன். மழைக்காகத்தான் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்று நீ எழுதியிருந்தாய். அந்த வரியை நான் எத்தனை தடவை படித்திருப்பேன். மழை வந்ததும் எனக்குக் கயிறுதான் ஞாபகம் வந்தது. மழை விட்ட கையோடு கோயில் பக்கம் கொட்டுச் சத்தம் கேட்டது. தெருமுனையில் நின்று சொன்னார்கள், அடுத்த செவ்வாய் பொங்கல் என்று.

பையை எடுத்தேன். "காதுல விழுந்துருச்சுல்ல, பிறகு எப்படிப் போவ?" என்றாள் அம்மா. அதட்டவில்லை. ஈரத் தலையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த முகத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. அவளுக்காகத்தானே வந்தேன்.

பகலில் போய்வரலாம், விளக்கு வைப்பதற்குள் ஊருக்குள் வந்துவிட வேண்டும். அப்பா யோசிக்கிறார். சரஸ்வதியும் முத்துலட்சுமியும் கண்டிப்பாக வருவார்கள். என்னைப் பற்றி உறுதியாக எழுத முடியாமல் இருக்கிறது.

பிரவீணா


தூத்துக்குடி
ஆகஸ்ட் 14

பிரவீணா,

உன் கடிதம் சாயங்காலம் கிடைத்தது. நன்றாக எழுதியிருக்கிறாய். மண் வாசனையைக்கூட விடவில்லை.

உன்னைத் திட்டுவதற்கு ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. அம்மா தனியாக இருக்கும்போது மழை வந்தால் நானும் ஓடித்தான் போயிருப்பேன். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

எங்கள் காட்டிலும் நல்ல மழையாம். அப்பா உழப் போய்விட்டாராம். அம்மா போனில் சொல்லும்போது பின்னால் டிராக்டர் சத்தம் கேட்டது. நான் இங்கே வரிசையில் நின்று போன் பேசிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் நின்ற பிள்ளை, "வாளி, சீக்கிரம்" என்றாள்.

பாஸை வார்டனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சரஸ்வதியும் முத்துவும் வந்து கடலைப் பார்த்துவிட்டுப் போகட்டும். அவர்களோடு போய்ச் சிரித்துக்கொண்டு நிற்க என்னால் ஆகாது. அவர்களுக்கும் நான் இல்லாமல் குறை ஒன்றும் வராது. நான் சொல்ல நினைத்ததெல்லாம் உன்னிடம்தான் சொல்ல நினைத்தேன்.

கயிறு எடுத்துவைத்தாயா?

முனீஸ்வரி


பந்தல்குடி
ஆகஸ்ட் 18

அன்புள்ள முனீஸ்,

பதினான்காம் தேதி நீ எழுதிய கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. நான் உன்னைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் கழித்து. முன்னாலேயே வந்திருந்தால், வரவேற்பறையில் நீ முதல் அரைமணி நேரம் ஏன் என் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று தெரிந்திருக்கும். பாஸ் இல்லை என்று மட்டும்தான் சொன்னாய். நீயே திருப்பிக் கொடுத்தாய் என்று சொல்லவில்லை.

நாங்கள் ஏன் அவ்வளவு தாமதமாக வந்தோம் என்று நீயும் கேட்கவில்லை. காலை ஏழு மணிக்கே அப்பாவும் நானும் ரோட்டில் நின்றோம். லீவு நாள், பஸ் எல்லாம் திருச்செந்தூர்க் கூட்டம். ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் மாரிக்கண்ணன் அண்ணன் கயிறு வாங்க லாரியை நிறுத்தினார். உப்பு ஏற்ற வெறும் வண்டியாகப் போகிறவர். "ஏறுங்க முதலாளி, இதுக்குப் போயி பஸ்ஸுக்கு நிப்பாகளா" என்றார். அப்பா நடுவில், நான் ஜன்னல் ஓரம். ஊர் நெருங்கும்போது இடப்பக்கம் வெயிலில் தண்ணீர் பளபளத்தது. "அப்பா, கடல்" என்று எழுந்தே விட்டேன், தலை கூரையில் இடித்தது. "அது உப்புப் பாத்தி பாப்பா. உக்காரு" என்றார் அண்ணன். இன்றைக்கும் நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

நாங்கள் வந்தபோது மணி ஒன்று. லாரி உப்பு ஏற்றி மூன்று மணிக்குத் திரும்பிவிடும். சரஸ்வதியும் முத்துவும் ஏற்கெனவே உன்னைப் பார்த்துவிட்டு ஆட்டோவோடு வாசலில் நின்றார்கள். "பீச்சு பத்து நிமிஷம்தான். வா, காலை நனைச்சிட்டு ஓடி வந்துரலாம். முனீஸ் எங்கேயும் போகப் போறதில்ல" என்றாள் சரஸ்வதி. அப்பாவும், "போயிட்டு வா பாப்பா, நான் இங்க உக்காந்திருக்கேன்" என்றார். நீ உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாய். எனக்குத் தெரியும், உன் ஜடை கதவோரம் தெரிந்தது.

போக ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய். காற்றில் அந்த வாசனை வந்துகொண்டே இருந்தது. ஆனால் பத்து நிமிஷம் போக, பத்து நிமிஷம் வர என்று கணக்குப் போட்டபோது, கழிவதெல்லாம் உன்னிடமிருந்து கழிந்தது.

கயிற்றை நான் நீட்டியபோது நீ அழுவாய் என்று நினைக்கவில்லை. நீ கேட்டாய், கொண்டுவந்தேன். நைலான் வேண்டாம், முடிச்சு நழுவும் என்று அப்பாதான் இந்தப் பருத்திக் கயிற்றை எடுத்துக் கொடுத்தார். பெட்டியோடு வா என்றோ வராதே என்றோ நான் சொல்லமாட்டேன். நீ வந்தால் என் பையை எடுத்துவிடுவேன். வராவிட்டால் பை அங்கேயே இருக்கட்டும்.

அதற்குப் பிறகு நீ பேசியதெல்லாம் எனக்கு மனப்பாடமாக இருக்கிறது. எழுத மாட்டேன், வார்டன் அவர்கள் படிப்பார்கள்.

திரும்பும்போது உப்பு மூட்டைகளோடு வந்தோம். எட்டயபுரம் தாண்டியதும் அப்பா, "இத்தன வருசமா இந்த லாரிக்கெல்லாம் கயிறு குடுக்கேன். நானும் கடலப் பாத்ததில்ல" என்றார்.

"அந்நேரம் நீங்க மட்டும் ஆட்டோல போயிருக்கலாமேப்பா."

"உன்னய விட்டுட்டா? பிறகு ஊருக்கு வாரவரைக்கும் உன் மூஞ்சியை யாரு பாக்க?"

மாரிக்கண்ணன் அண்ணன் சத்தமாகச் சிரித்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது அம்மா விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்றாமல் நின்றிருந்தாள். நாளைக்குப் பொங்கல்.

உன்
பிரவீணா


தூத்துக்குடி
செப்டம்பர் 22

பிரவீ,

பதில் எழுத ஒரு மாதம் ஆக்கிவிட்டேன். பரீட்சை என்று சொல்லலாம். ஆனால் என்ன எழுதுவது என்று எனக்கே தெரியாமல் இருந்தது.

முதலில் பொங்கல் எப்படி நடந்தது என்று எழுது. வார்டன் கேட்டார். நிஜமாகவே கேட்டார். "அந்தப் பிள்ளை விளக்கு வைக்கிறதுக்குள்ள போயிட்டாளா?" என்று உன் கடிதத்தைப் பிரிப்பதற்கு முதல் நாள் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

நீ கொடுத்த கயிற்றைக் கட்டிலுக்கு அடியில் பெட்டி மேல் வைத்திருந்தேன். ஒரு வாரம் அப்படியே கிடந்தது. பிறகு ஒரு நாள் மழை வரும்போல இருந்தது, மாடியில் துணி காயப்போட முடியவில்லை. அறைக்குள் ஜன்னல் கம்பிக்கும் கதவுக் கொக்கிக்கும் குறுக்கே அந்தக் கயிற்றைக் கட்டினேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் என் துணிக்குப் பக்கத்தில் வேறு யாருடைய துணியோ தொங்குகிறது. ஜெனிட்டா என்று ஒருத்தி, முதல் நாள் சிரித்தவளேதான்.

"யார்ட்ட கேட்டுப் போட்ட?" என்றேன்.

"கயிறு கட்டுனா துணி போடத்தானே?" என்றாள்.

அடுத்த நாள் நாலு பேர் துணி தொங்கியது. கயிறு தொய்யவே இல்லை என்று உன் அப்பாவிடம் சொல். இப்போது, "வாளி, உன் கொடியில இடம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் போடுகிறார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. இயற்பியலில் பாஸாவது ஆகிவிடுவேன் என்று நினைக்கிறேன். ஜெனிட்டா பாதி, நான் பாதி என்று படிக்கிறோம். அவளுக்குக் கணக்கு வராது.

சனிக்கிழமை லீவுக்கு ஊருக்கு வருகிறேன். கைப்பையில் இரண்டு செட் துணி மட்டும். பெட்டியைக் கட்ட இப்போது கயிறு கிடையாது. அதை அவிழ்த்தால் அறையில் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். உன் பக்கத்தில் இருக்கிற பையை அப்படியே வை, இல்லாவிட்டால் யாராவது நல்ல பிள்ளையாகப் பார்த்து உட்காரவிடு. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும், தாங்கிக்கொள்வேன்.

இன்னொன்று. நேற்று ஞாயிறு, பரீட்சைக்கு நடுவில் ஒரு சாயங்காலம் என்று எங்களை எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். நீ எழுதியிருந்த அந்த வாசனை பக்கத்தில் போனால் வேறு மாதிரி இருக்கிறது. எப்படி என்று எழுத மாட்டேன். பிள்ளைகள் எல்லாம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீருக்கு ஓடினார்கள். ஜெனிட்டா என் கையைப் பிடித்து இழுத்தாள். எனக்குக் காலில் புண் என்று சொல்லிவிட்டு, மணலில் உட்கார்ந்து அவர்கள் செருப்புக்கெல்லாம் காவல் இருந்தேன். அலை ஒரு தடவை என் விரல் வரைக்கும் வந்தது. காலை இழுத்துக்கொண்டேன்.

யாரும் முந்தக் கூடாது என்று நீதானே எழுதினாய். அரையாண்டு லீவு தொடங்கும் முன்னால் ஒரு சனிக்கிழமை பார்த்து வா. மார்கழியில் யாரும் பொங்கல் சாட்ட மாட்டார்கள். உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. நான் இங்கேதான் இருப்பேன், கால் நனையாமல்.

முனீஸ்